பேய் வீட்டுக்கு அடுத்த வீடு காப்பிக்கடை

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் யாரும் பேசக் கூடாது. மெக்சிகோ நகரத்து விருந்துகளில் ஆடிப் பழகிய ஓர் இளம்பெண், மலைமேல் இருக்கும் அந்தப் பழைய பங்களாவுக்குத் தன் உறவுக்காரியைப் பார்க்க வந்திருக்கிறாள். முதல் ராத்திரிச் சாப்பாட்டிலேயே வாயைத் திறந்ததற்குக் கண்டிப்பு. சிகரெட்டுக்கும் தடை. சுவரெல்லாம் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அங்கே இருப்பவர்கள் யாருக்கும் அது கண்ணில் படுவதாகவே தெரியவில்லை.

இன்னொரு வீடு. கடல் நடுவே ஒரு தீவில் இருக்கும் அனாதை இல்லம். இங்கே சாப்பாட்டு மேசையில் யாராவது வாயை மூடினால்தான் ஆச்சரியம். சாத்தானின் பிள்ளை என்று அரசாங்கக் கோப்பில் குறிக்கப்பட்ட ஆறு வயதுப் பையன், உலகத்தை எப்படிச் சாம்பலாக்கலாம் என்று விலாவாரியாகப் பேசுகிறான். தோட்ட வேலையில் கெட்டிக்காரியான ஒரு குட்டிப் பெண், விசாரணைக்கு வந்த அதிகாரியை எந்தப் பாத்தியில் புதைக்கலாம் என்று யோசிக்கிறாள். அதிகாரிக்கு வியர்க்கிறது, நமக்குச் சிரிப்பு வருகிறது.

முதலாவது சில்வியா மொரேனோ-கார்சியாவின் 'மெக்சிகன் காத்திக்'. இரண்டாவது டி.ஜே. க்ளூன் எழுதிய 'தி ஹவுஸ் இன் தி செருலியன் ஸீ'. க்ளூனுடையது 2020 மார்ச்சில் வந்தது, மொரேனோ-கார்சியாவுடையது அதே வருடம் ஜூனில். உலகமே வீட்டுக்குள் அடைந்துகிடந்த அந்த மூன்று மாத இடைவெளியில், வெளியே போக முடியாத வீட்டைப் பற்றி ஒரு நாவல், உள்ளே போய் இருந்துவிட மாட்டோமா என்று ஏங்கவைக்கும் வீட்டைப் பற்றி இன்னொன்று. எழுதி முடித்து அச்சுக்குப் போனபோது ஊரடங்கு வரும் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. வாசித்த நமக்கோ இரண்டும் நம் வீட்டைப் பற்றித்தான் என்று பட்டது.

அன்றிலிருந்து இந்த ஐந்தாறு வருடங்களில் மாய உலகக் கதை, திகில், கதகதப்பான காதல் என்று மூன்று அலமாரிகளிலும் மாறி மாறிக் கைவிட்டிருக்கிறேன். ஒன்றைப் படித்தால் இன்னொன்றைப் படிக்காதவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நண்பர்கள் நிறைய. "பேய்க் கதையா, வேண்டாம்பா, தூக்கம் போயிடும்" என்பவர்கள் ஒரு பக்கம். "காப்பிக்கடை வைக்கிறதெல்லாம் ஒரு கதையா?" என்பவர்கள் மறுபக்கம். என் எண்ணம் வேறு. இரண்டும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள், சுவர் பொதுச் சுவர். ஒரு பக்கத்தில் யாராவது சுவரைப் பிராண்டினால் மறுபக்கத்தில் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற புத்தகங்கள்தான் எனக்குப் பிடித்திருக்கின்றன.

முதலில் 'கோஸி' என்ற சொல். குளிருக்குப் போர்வை போர்த்திக்கொண்டு கையில் சூடாக ஒரு டம்ளரை வைத்திருக்கும் அந்த இதம்தான் அதன் பொருள். கதைகளுக்கு இந்தப் பெயர் ஒட்டியது துப்பறியும் நாவல்களில். கிராமத்துப் பாட்டி ஒருத்தி பின்னல் ஊசியோடு உட்கார்ந்தபடி கொலையைக் கண்டுபிடிப்பாளே, அந்த வகை. அங்கேயே ஒரு வேடிக்கை இருக்கிறது: இதமான கதை என்று பேர், நடுக்கூடத்தில் பிணம். இந்த வகையின் மூதாதையிடமே மரணம் உண்டு, ரத்தம் மட்டும் தரைவிரிப்பில் படாது.

காதல் நாவலுக்கு ஒரு கறாரான ஒப்பந்தம். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் அதை வரையறையாகவே எழுதிவைத்திருக்கிறது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். நமக்கு இது புதிதில்லை. ரமணிசந்திரன் நாவலைக் கையில் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியாதவர் யார்? தெரிந்துதான் வாங்கினோம். சேர்வார்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. எப்படி, எத்தனை கோபதாபத்துக்குப் பிறகு என்பதுதான் சுவாரஸ்யம். திகில் நாவலில் அப்படி ஒப்பந்தமே கிடையாது. யார் பிழைப்பார் என்று ஆசிரியர் சொல்ல மாட்டார், சொன்னாலும் நம்பக் கூடாது. கோஸி மாயக்கதை வந்தபோது காதல் நாவலின் ஒப்பந்தத்தை எடுத்து அரக்கர்களும் மந்திரவாதிகளும் நடமாடும் உலகத்தில் போட்டார்கள். வாள் இருக்கும், பெரும்பாலும் சுவரில் மாட்டியிருக்கும்.

ஜப்பானில் இதற்கு முன்பே ஒரு நீண்ட மரபு உண்டு. மனதை ஆற்றும் கதைகள் என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். தோஷிகாசு கவாகுச்சியின் காப்பிக்கடை நாவல் ஜப்பானிய மொழியில் 2015-லும் ஆங்கிலத்தில் 2019-லும் வந்து, நம்மூர்ப் புத்தகக் கடைகளிலும் அடுக்கிவைக்கப்பட்டது. கடையில் ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் பழைய காலத்துக்குப் போகலாம். ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். போய் எதைச் செய்தாலும் நிகழ்காலம் மாறாது. எல்லோரும் இந்த விதிகளைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு மறக்காதது வேறு. அந்த நாற்காலியில் எப்போதும் ஒரு பெண் பேய் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஒரே ஒரு தடவை கழிப்பறைக்கு எழுந்து போவாள், அப்போதுதான் இடம் காலியாகும். வலுக்கட்டாயமாக எழுப்பினால் சாபம். காப்பி ஆறுவதற்குள் திரும்பாததால்தான் அவள் பேயானாள். உலகமெங்கும் கண்ணீரோடு படித்து இதமடைந்த அந்தக் கடையின் நடுவில் உட்கார்ந்திருப்பவள் ஒரு பேய்.

ஆங்கிலத்தில் இந்த அலையைப் பெரிதாக்கியது டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்'. பால்ட்ரீ முன்பு கணினி விளையாட்டுகள் உருவாக்கியவர், பிறகு ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவர். மற்றவர்களின் மாயக்கதைகளை மணிக்கணக்காகச் சத்தமாகப் படிப்பதே பிழைப்பு. 2021 நவம்பரில், ஒரே மாதத்தில் 50,000 வார்த்தை எழுதும் அந்தப் பிரபலமான சவாலில் உட்கார்ந்து எழுதினார். 2022 பிப்ரவரியில் தானே வெளியிட்டார். அதே வருடக் கடைசியில் டோர் என்ற பெரிய பதிப்பகம் வாங்கி மறுபடி வெளியிட்டது.

கதை என்று பார்த்தால் ஒரு கை அகலம்தான். கூலிக்கு வாள் பிடித்து அலுத்துப்போன விவ் என்ற அரக்க இனத்துப் பெண், ஊர் ஊராகச் சுற்றியது போதும் என்று ஒரு நகரத்துக்கு வந்து, பாழடைந்த குதிரை லாயத்தை வாங்கிக் காப்பிக்கடை போடுகிறாள். அந்த ஊரில் காப்பி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. நம்மை மாதிரி டவரா டம்ளரோடு பிறந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஊரிலும் காப்பி புதிதாக நுழைந்த காலத்தில் அதைக் கள்ளோடு சேர்த்துவைத்துத் திட்டியவர்கள் உண்டு. தெரியாத பானத்தை ஒரு ஊர் எப்படி முதல் வாய் வைத்துப் பார்க்கிறது என்பது நமக்கும் பாட்டனார் காலத்துக் கதைதான்.

இந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிப்பது முதல் பாதி. கூரை ஓடு மாற்றுகிறார்கள், கவுண்டருக்கு மரம் அறுக்கிறார்கள், அதிகம் பேசாத தச்சர் ஒருவர் அளவெடுத்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார். முதல் நாள் கடை திறக்கிறாள், யாரும் வரவில்லை. இலவசமாகக் கொடுத்துப் பார்க்கிறாள். எலி உருவத்தில் ஒரு சின்ன ஜீவன் வந்து, வாய்க்குள் இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு, இலவங்கப்பட்டை போட்டு பன் சுடத் தொடங்குகிறது. கடை பிடித்துக்கொள்கிறது. தொழில் தொடங்கிய யாருக்கும் வயிற்றைப் பிசையும் அந்தக் காலிக் கடையின் அமைதியை பால்ட்ரீ சரியாகப் பிடித்திருக்கிறார். எந்த டிராகனும் அவ்வளவு பயமுறுத்தாது.

பிறகு பேட்டை தாதாவின் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்பதற்கு நம் மொழியில் ஒரே சொல் போதும்: மாமூல். வாளைத் தொட மாட்டேன் என்று இருப்பவள் என்ன செய்வாள்? கடைசியில் மாமூல் வாராவாரம் ஒரு பை பன்னாக முடிவாகிறது. படிக்கும்போது இனித்தது. அடுத்த தெருவில், பன் சுடத் தெரியாமல் மாமூல் கொடுக்கிற செருப்புக் கடைக்காரனை நினைத்ததும் இனிப்பு கொஞ்சம் குறைந்தது. கோஸி நாவலில் நாயகியின் கடைக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மாட்டிக்கொள்வோம். ஆனாலும் பால்ட்ரீ ஒரு காரியம் செய்தார். கடையைக் கொளுத்தினார். பழைய கூட்டாளி ஒருவன் பொறாமையில் தீ வைக்கிறான், எல்லாம் கரியாகிறது. அந்த ஓர் இரவு இல்லையென்றால் இந்தப் புத்தகம் வெறும் சமையல் குறிப்பு. எரியக்கூடிய வீடுதான் வீடு மாதிரி இருக்கிறது. கரியின் நடுவே நிற்பவளுக்கு ஊர் ஆளாளுக்குக் கைகொடுக்கும்போதுதான் எனக்கும் தொண்டை அடைத்தது.

இதே சோதனையில் 'தி ஸ்பெல்ஷாப்' எனக்குத் தோற்றது. சாரா பெத் டர்ஸ்ட் எழுதி 2024 ஜூலையில் வந்த நாவல். புரட்சி வெடித்துத் தலைநகரின் பெரிய நூலகம் பற்றி எரிகிறது. நூலகர் கீலா, மந்திரப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றிக்கொண்டு, சின்ன வயதில் விட்டுவந்த தீவுக்குத் தப்பிப் போகிறாள். கூடவே பேசத் தெரிந்த ஒரு தொட்டிச் செடி. தீவில் ஜாம் கடை, பக்கத்து வீட்டில் கடற்குதிரை மேய்க்கும் அழகன். செடிக்கு நான் ரசிகை; எதற்கெடுத்தாலும் பதறுகிற அந்தச் செடிதான் புத்தகத்தில் இருப்பவர்களில் அதிகம் விவரம் தெரிந்தது. சாமானியர் மந்திரம் பயன்படுத்துவது குற்றம் என்ற சட்டமும் ஒரு நல்ல முள். ஆனால் அந்த முள் யாரையும் ஆழமாகக் குத்துவதில்லை. வரும் ஆபத்தெல்லாம் ஜாமில் விழுந்த ஈ மாதிரி இரண்டு பக்கத்தில் எடுத்துப் போடப்படுகிறது. முதல் அத்தியாயத்தில் எரிந்த நூலகத்தின் புகை நாற்பதாம் பக்கத்துக்கு மேல் என் மூக்குக்கு எட்டவில்லை.

சங்கு மந்தண்ணா இதில் கெட்டிக்காரர். பெங்களூரில் வளர்ந்து இங்கிலாந்தில் வாழ்பவர். 2022-ல் வந்த அவருடைய சூனியக்காரிகள் நாவலின் நாயகி மீகா, இந்தியாவில் பிறந்து குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டவள். மூன்று சின்ன சூனியக்காரிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு கிராமத்துப் பெரிய வீட்டுக்குப் போகிறாள். முசுடான ஒரு நூலகர், தோட்டம், நாய், தேநீர். இதுவரை எல்லாம் சக்கரைப் பாகு. அடியில் என்ன வைத்திருக்கிறார் என்றால், இந்த உலகத்தில் சூனியக்காரியாகப் பிறக்கும் ஒவ்வொரு பெண்ணும் அனாதையாகிவிடுவாள். ஒரு பழைய மந்திரத்தின் விளைவு அது. மீகாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயாக்கள் அடிக்கடி மாற்றப்பட்டார்கள், யாரோடும் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. இதை ஒரு திகில் எழுத்தாளரிடம் கொடுத்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். மந்தண்ணா அதை அடித்தளமாகப் போட்டு மேலே வீடு கட்டினார், அதனால் வீடு நிற்கிறது.

இப்படி ஒரே மூலப்பொருளை இரண்டு விதமாகச் சமைக்கலாம் என்பதற்குக் கொஞ்சம் கசப்பான உதாரணமும் இருக்கிறது, அதில் எனக்குப் பிடித்த புத்தகமே மாட்டுகிறது. கனடாவில் 1950களின் கடைசியிலிருந்து 1980கள்வரை பூர்வகுடிக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் பெற்றோரிடமிருந்து பிரித்து வெள்ளைக்காரக் குடும்பங்களிடமும் இல்லங்களிலும் சேர்த்தார்கள். அந்த வரலாற்றைப் படித்தது தன் அனாதை இல்ல நாவலுக்கு ஒரு தூண்டுதல் என்று க்ளூனே சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் பலர் கொதித்தார்கள். குழந்தைகளைப் பறித்த அமைப்பை நல்ல அதிகாரி ஒருவர் வந்து சரிசெய்வதாகவும் அந்த இல்லமே சொர்க்கமாகவும் எழுதலாமா என்பது அவர்கள் கேள்வி.

நான் மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை கவனிக்காத ஓர் இடம். வீட்டுக்குக் கீழே பூட்டிய நிலவறை. அந்த இல்லத்தை நடத்துபவரே சிறுவனாக இருந்தபோது அடைத்துவைக்கப்பட்ட இடம், சுவரில் நாள் எண்ணிய கோடுகள். ஆக க்ளூனுக்குத் தெரியாமல் இல்லை, பயங்கரம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் நிலவறைக் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்ததும் சாத்திவிட்டு மேலே வந்துவிடுகிறார், மாடியில் பையன் பாட்டுத் தட்டு வைத்திருக்கிறான். எனக்கு இன்னும் அந்த நாவல் பிடிக்கும். முன்போல் கூச்சமில்லாமல் பிடிப்பதில்லை.

ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸ் நிலவறையை விட்டு மேலே வருவதே இல்லை. அவர் பிளாக்ஃபீட் என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர். 2025-ல் வந்த 'தி பஃபலோ ஹண்டர் ஹண்டர்' தொடங்குவதே ஒரு வீட்டுச் சுவரில்தான்: பாதிரியார் குடியிருந்த பழைய வீட்டின் சுவருக்குள் 1912-ஆம் வருட நாட்குறிப்பு கிடைக்கிறது. அந்த லூத்தரன் பாதிரியாரிடம் ஒரு பூர்வகுடி மனிதன் வந்து தன் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் ரத்தம் குடிப்பவன். கதையின் முதுகெலும்பு நிஜம். 1870 ஜனவரி 23 அன்று மரியாஸ் ஆற்றங்கரையில் அம்மை நோயோடு படுத்திருந்த முகாமை அமெரிக்க ராணுவம் சுட்டது. சுமார் 200 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள்.

ரத்தக் காட்டேரிக் கதை எத்தனையோ படித்தாயிற்று, இனி என்ன இருக்கிறது என்று அலட்சியமாகத்தான் தொடங்கினேன். ஜோன்ஸ் ஒரே ஒரு விதி போட்டிருக்கிறார்: யாருடைய ரத்தத்தைக் குடிக்கிறானோ மெல்ல அதுவாக மாறிவிடுவான். மானைக் குடித்தால் கொம்பு முளைக்கும். வெள்ளைக்காரனைக் குடித்தால் தாடி வளரும். தன் இனத்தானாகவே இருக்க வேண்டுமானால் தன் ஜனங்களையே குடிக்க வேண்டும். ஓர் இனம் அழிக்கப்பட்ட பிறகு மிஞ்சியவன் யாராக இருப்பது என்ற கேள்வியை இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டு நான் படித்ததில்லை. மொழிநடை கடினம், முதல் நூறு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டும். போங்கள்.

கிரேடி ஹெண்ட்ரிக்ஸ் இதற்கு நேர்மாறு, விறுவிறுப்பாகப் படிக்கலாம். 2023-ல் வந்த பேய் வீடு விற்கும் நாவலில் அக்காவும் தம்பியும் பெற்றோர் இறந்த பிறகு வீட்டைக் காலிசெய்ய வருகிறார்கள். மாடிப் பரணுக்குப் போகும் வழி ஆணி அடித்து மூடியிருக்கிறது. டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரே இரண்டு பொம்மைகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் காட்சிக்கு மேல் அவர் என்ன செய்தாலும் இவ்வளவு பயம் வரவில்லை. பின்பாதியில் பொம்மை துரத்துகிற இடங்கள் கொஞ்சம் சர்க்கஸ். அசல் திகில், அம்மாவின் பொருட்களில் எது யாருக்கு என்று உடன்பிறந்தவர்கள் போடும் சண்டை. அப்பா, அம்மா போன பிறகு பீரோவைத் திறந்து நின்றவர்களுக்குத் தெரியும்.

2025-ல் வந்த அவருடைய அடுத்த நாவல் இன்னும் ஒரு படி மேலே. 1970, ஃபுளோரிடா. கல்யாணமாகாமல் கர்ப்பமான சிறுமிகளை ஊர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கும் ஒரு விடுதி. அமெரிக்காவில் அப்போது இப்படி விடுதிகள் நிஜமாகவே ஏராளம். பிள்ளை பிறந்ததும் தத்துக்கு எடுத்துக்கொண்டு, எதுவும் நடக்கவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாவலில் சிறுமிகளின் சொந்தப் பெயரைப் பறித்துக்கொண்டு செடி கொடிப் பெயர் வைக்கிறார்கள். நடமாடும் நூலக வண்டியில் வரும் ஒரு நூலகர், பதினைந்து வயதுப் பெண்ணிடம் மந்திரப் புத்தகம் ஒன்றைக் கொடுக்கிறார். மந்திரம் வரும் பக்கங்களில் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், பிரசவம் வரும் பக்கங்களில் புத்தகத்தைக் கீழே வைத்தேன். பேயை எழுதித்தான் பயமுறுத்த வேண்டும் என்பதில்லை, எழுபதுகளின் பிரசவ அறையை உள்ளது உள்ளபடி எழுதினால் போதும் என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

டிராகனும் காதலும் கலந்த 'ரொமாண்டஸி' பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ரெபெக்கா யாரோஸின் டிராகன் படைக் கல்லூரித் தொடரில் மூன்றாவது பாகம் 2025 ஜனவரியில் வந்த முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முதல் பாகத்தை ஒரே மூச்சில் படித்தேன். எலும்பு எளிதில் விலகும் உடம்போடு நாயகி ஒவ்வொரு படியாக ஏறுவது நன்றாக இருந்தது; ஆசிரியருக்கே அப்படியொரு உடல் நிலை உண்டு, அதனால் வலி எங்கே எடுக்கும் என்று துல்லியமாகத் தெரிகிறது. மூன்றாவதைப் பாதியில் விட்டேன். வீடே இல்லாத கதைகள் அவை, எல்லோரும் எப்போதும் பறந்துகொண்டே இருக்கிறார்கள். எனக்கு வயதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அலமாரிகளைப் பிரிப்பது யார் என்பதையும் பார்த்துவிடலாம். கதைகளே பிரிந்து நிற்கவில்லை, பதிப்பகங்கள் பெயர்ப்பலகை மாட்டுகின்றன. மேக்மில்லன் குழுமத்தின் டோர், திகிலுக்கென்று நைட்ஃபயர் என்ற முத்திரையை 2019-ல் அறிவித்தது. காதல் கலந்த மாயக்கதைகளுக்கு பிராம்பிள் என்ற இன்னொரு முத்திரை 2023-ல் வந்தது. காப்பிக்கடை டோரில், ஜாம் கடை பிராம்பிளில், பின்னால் சொல்லப்போகும் இன்னொரு பூஞ்சை வீடு நைட்ஃபயரில், பணம் எண்ணும் மேசை ஒன்றுதான். அட்டைப் படத்தைப் பார்த்தாலே அலமாரி தெரிந்துவிடும்படி வரைகிறார்கள்: வெளிர் நிறத்தில் குட்டி வீடும் கெண்டியும் என்றால் கோஸி, கன்னங்கரேலென்று ஒரு கையோ பூச்சியோ என்றால் திகில். உள்ளே இருப்பது அவ்வளவு ஒழுங்காக அடங்குவதில்லை. அறிவியல் கதைகளுக்கும் மாயக்கதைகளுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதின் 2023 நாவல் இறுதிப் பட்டியலைப் பாருங்கள். பால்ட்ரீயின் காப்பிக்கடை அதில் இருக்கிறது, மொரேனோ-கார்சியாவின் அடுத்தடுத்த நாவல்களில் ஒன்று இருக்கிறது, விருதை வாங்கிய டி. கிங்ஃபிஷரும் இருக்கிறார். (சீனாவின் செங்டுவில் நடந்த அந்த வருட விருதுக்கு ஒரு கறை உண்டு. வலுவாக எதிர்பார்க்கப்பட்ட ஒரு நாவலைக் காரணமே சொல்லாமல் 'தகுதி இல்லை' என்று தள்ளியது பின்னால் தெரியவந்து பெரிய ரகளையானது.)

அதே சமயத்தில் பக்கத்து இலங்கையிலிருந்து வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்', 2023-க்கான நெபுலா விருதை வாங்கியது. அந்த நகரத்தில் ஒரு கதவை நெடுநாள் சாத்தியே வைத்தால் அது திறக்கவே முடியாத கதவாகிவிடும், பின்னாலிருந்து காற்று மட்டும் வரும். தகப்பனைக் கொல்லவென்றே தாய் வளர்த்த பிள்ளை அங்கே வந்து, அதையெல்லாம் மறந்து வாழப் பார்க்கிறான். மாயக்கதையா திகிலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடையாளச் சீட்டு, முகாம், மதத்தின் பெயரால் கலவரம் என்று பக்கங்கள் புரளும்போது, அந்தத் தீவின் கதை தெரிந்த தமிழ் வாசகருக்கு அகராதி தேவைப்படாது.

கிங்ஃபிஷருக்கு வருகிறேன். அர்சுலா வெர்னன் என்பது சொந்தப் பெயர். அந்தப் பெயரில் குழந்தைகளுக்கு எழுதுகிறார், கிங்ஃபிஷர் என்ற பெயரில் பெரியவர்களுக்கு. மூன்று அலமாரியிலும் சாவி வைத்திருக்கும் ஒரே ஆள் இவர்தான் என்று தோன்றுகிறது. 2022-ல் வந்த 'வாட் மூவ்ஸ் தி டெட்', எட்கர் ஆலன் போவின் இடிந்து விழும் வீட்டுக் கதையை எடுத்து மறுபடி சொல்வது. எழுதும்போதே 'மெக்சிகன் காத்திக்' படிக்க நேர்ந்து, பாழ் வீட்டையும் பூஞ்சையையும் மொரேனோ-கார்சியாவே எழுதிவிட்ட பிறகு நான் என்ன செய்வது என்று திகைத்ததாகப் பின்னுரையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்.

செய்தது இதுதான். மொரேனோ-கார்சியாவின் பூஞ்சை, மெக்சிகோவின் வெள்ளிச் சுரங்கத்தைச் சுரண்ட வந்த ஆங்கிலேயக் குடும்பத்தின் ஆயுளை நீட்டித்துக் கொடுக்கிற கூலியாள். அதைக் கொளுத்தினால்தான் விடிவு. கிங்ஃபிஷரின் பூஞ்சைக்கு யாரிடமும் பகையில்லை. ஏரியிலிருந்து முயல்களுக்குள் ஏறுகிறது. முயல்கள் ஓடுவதில்லை, உட்கார்ந்து வெறித்துப் பார்க்கின்றன. நடந்தால் முயல் எப்படி நடக்கும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி நடக்கின்றன. இந்த ஒரு வரி என்னைப் பல ராத்திரி தூங்கவிடவில்லை. பிறகு தெரிகிறது, வீட்டில் செத்துக்கொண்டிருக்கும் மேடலின் அந்தப் பூஞ்சைக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். தத்தித் தத்திப் பேசும் அதை அவள் குழந்தையைப் போலப் பார்க்கிறாள். உச்சகட்டத் திகில் காட்சியின் நடுவில் எனக்கு அதன்மேல் பரிதாபம் வந்தது. இரக்கப்பட்டு வீட்டுக்குள் சேர்த்ததிலிருந்துதான் நடுக்கம் தொடங்குகிறது என்பதைப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' நமக்கு முன்பே காட்டிவிட்டது. இங்கே இரக்கம் கடைசிவரை போகவில்லை, கொன்றுவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். ஆனால் வாசகன் வெற்றி என்று மூச்சு விட முடியாது.

கதை சொல்பவர் படைவீரர். அவர் நாட்டு மொழியில் சிப்பாய்க்கென்று ஆண், பெண் பேதமில்லாத தனிச் சுட்டுப்பெயர் உண்டு. ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி தேவைப்பட்டது. தமிழில் 'அவர்' என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

இதே கிங்ஃபிஷர்தான் 'பாலடின்'ஸ் கிரேஸ்' என்ற காதல் கதையையும் எழுதினார். 2020-ல் வந்தது. கும்பிட்ட தெய்வமே செத்துப்போய், வெறி பிடித்து வாள் வீசிவிடுவோமோ என்று தன்னைத் தானே பயந்து வாழும் ஒரு வீரர். காவல் நிற்கும் நேரத்தில் காலுறை பின்னுகிறார். நாயகி வாசனைத் திரவியம் செய்பவள், வீட்டில் புனுகுப் பூனை வளர்க்கிறாள். புனுகு, சவ்வாது என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு அந்தப் பட்டறை சொந்தக்காரர் வீடு மாதிரி. இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள், அடிபட்டவர்கள். எதிராளிக்குத் தன்னைப் பிடிக்காது என்று முந்நூறு பக்கம் அநியாயத்துக்கு நம்புகிறார்கள். இதற்கிடையில் ஊரில் ஆங்காங்கே வெட்டுப்பட்ட தலைகள் கிடைக்கின்றன. காதல் நாவலின் ஒப்பந்தம் மீறப்படவில்லை, தலைகளும் குறையவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சிரித்துவிட்டு, சத்தம் கேட்டு எழுந்த வீட்டுக்காரரிடம், "தலை ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றேன். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விருது வாங்கிய 'நெட்டில் அண்ட் போன்' இவை எல்லாம் ஒரே அடுப்பில் வெந்தது. ஒரு கொடுங்கோல் இளவரசனுக்கு வாழ்க்கைப்பட்டு அடி வாங்கும் அக்காவைக் காப்பாற்றத் தங்கை கிளம்புகிறாள். கூட்டணியில் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவி, அவள் தோளில் பேய் பிடித்த ஒரு கோழி. முதல் அத்தியாயத்தில் தங்கை எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கம்பி வைத்து எலும்பு எலும்பாகக் கோத்து ஒரு நாய் செய்கிறாள், விரல் நுனியெல்லாம் ரத்தம். இது முடியுமா என்று அவளுக்கே தெரியாது. கடைசிக் கம்பியை முறுக்கியதும் அது எழுந்து நிற்கிறது, வாலை ஆட்டுகிறது. தான் செத்த நாய் என்பது அதற்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் பயமும் கொஞ்சலும் ஒரே சமயத்தில் வந்ததை நான் வேறு எங்கும் அனுபவித்ததில்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைப் பெண் திகில் பக்கமே போகாதவள். கோஸி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவாள். இந்தப் புத்தகத்தை அவள் மேசையில் வைத்தேன். அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு கேட்டாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இதுல நாய் சாகுமா?"

"அது முதல் அத்தியாயத்துலயே செத்துப்போன நாய்தான்மா. பயப்படாம படி."